நிகாஹ் மருந்தல்ல
(தன்பாலினத் திருமணம் பற்றிய கேள்விக்கு ஒரு ஜும்ஆ உரை)

 



இரண்டு வாரங்களுக்கு முன்பு ஜும்ஆ முடிந்ததும் ஓர் இளைஞர் என் கையில் நான்காக மடித்த சீட்டொன்றைக் கொடுத்துவிட்டு நிற்காமல் சென்றுவிட்டார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர் என்பது மட்டும் அவருடைய சீருடையிலிருந்து தெரிந்தது. சீட்டில் இரண்டே வரிகள். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் திருமணம் செய்துகொள்ளும் உரிமையை இந்த நாடு கொடுக்கலாமா? கொடுத்தால் நம் மார்க்கத்தின் நிலை என்ன?

நிர்வாகப் பெரியவர்களிடம் காட்டினேன். "ஹஜ்ரத், இதையெல்லாம் மிம்பரில் பேச வேண்டுமா? பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்றார்கள். அவர்களுடைய வெட்கத்தை நான் மதிக்கிறேன். ஈமானின் கிளைகளில் ஒன்றல்லவா வெட்கம்! ஆயினும் அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்தபோது, மார்க்கத்தை விளங்கிக்கொள்வதற்கு வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை என்பதைத்தான் சிறப்பாக எடுத்துச் சொன்னார்கள். நாம் பேசாமல் இருந்தால் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடுமா? அவர்கள் கையில் இருக்கும் அலைபேசி ஏற்கெனவே பேசிவிட்டது. நாம் மட்டுமே இன்னும் பேசவில்லை. ஆகவே, கண்ணியம் குறையாமல், தேவையான அளவுக்குப் பேசுவோம்.

முதலில் நாட்டின் சட்டம். நம் மஹல்லாக்களில் இதைப் பற்றி உலவும் செய்திகளில் பாதி உண்மைக்குப் புறம்பானவை. "கோர்ட்டு உத்தரவு போட்டுவிட்டதாம், இனிமேல் காஜிகள் இப்படிப்பட்ட நிகாஹையும் நடத்தித்தான் ஆக வேண்டுமாம்" என்று ஒரு பெரியவர் என்னிடமே கவலையோடு கேட்டார். அப்படி எந்த உத்தரவும் இல்லை.

நடந்தது இதுதான். ஆங்கிலேயர்கள் 1860இல் கொண்டுவந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு இத்தகைய உறவைக் குற்றமென்றது. வயது வந்தவர்கள் சம்மதத்துடன் தனிமையில் ஈடுபடுவது குற்றமாகாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலையில் தீர்ப்பளித்தது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதே கருத்தை மீண்டும் நிலைநாட்டியது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. குற்றமல்ல என்று சொல்வது வேறு, திருமணமாகப் பதிவு செய்வது வேறு. அந்த இரண்டாவது கேள்விதான் சுப்ரியோ என்பவர் பெயரால் அறியப்படும் வழக்காக உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2023 ஏப்ரல், மே மாதங்களில் பத்து நாட்கள் விசாரணை நடந்தது. ஜம்இய்யத்துல் உலமாயே ஹிந்த் உள்ளிட்ட அமைப்புகள் எதிர்த்து மனு செய்தன.

மனுதாரர்கள் கேட்டது நிகாஹை அல்ல. மதச் சடங்கின்றி அரசுப் பதிவாளர் முன் செய்துகொள்ளும் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்பதே அவர்களின் முக்கியக் கோரிக்கை. மதங்களின் தனியார் சட்டங்களுக்குள் நுழையப் போவதில்லை என்று நீதிபதிகள் தொடக்கத்திலேயே அறிவித்தார்கள். 2023 அக்டோபர் 17 அன்று தீர்ப்பு வந்தது. திருமணம் செய்துகொள்வது அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள். அவர்கள் சேர்ந்து வாழ்வதற்கு வேறொரு சட்ட அங்கீகாரமாவது கொடுக்கலாமா என்பதில் மூவர் இல்லை என்றார்கள், இருவர் ஆம் என்றார்கள். சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் பணி என்று முடிந்தது. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன. உலகில் முதன்முதலாக நெதர்லாந்து 2001இல் இதைச் சட்டமாக்கியது. ஆசியாவில் தைவானில் 2019இலும் தாய்லாந்தில் 2025 ஜனவரியிலும் இது நடைமுறைக்கு வந்தது. பக்கத்து நேபாளத்தில் 2023 நவம்பரில் அப்படி ஒரு திருமணம் பதிவாயிற்று. இந்தியாவில் அப்படியொரு சட்டம் இல்லை.

இனி மார்க்கம். இதில் மறைக்கவோ மழுப்பவோ எதுவுமில்லை. நிகாஹ் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலான உடன்படிக்கை. அதை அல்லாஹ் அந்நிஸா அத்தியாயத்தின் 21ஆம் வசனத்தில் உறுதிமிக்க வாக்குறுதியாகக் குறிப்பிடுகிறான். கணவன் மனைவியரிடையே மன அமைதியையும் அன்பையும் கருணையையும் ஏற்படுத்தியதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அர்ரூம் அத்தியாயத்தில் எடுத்துக் கூறுகிறான். நபி லூத் (அலை) அவர்களின் சமுதாயத்தைப் பற்றி அல்அஃராஃப், ஹூத், அஷ்ஷுஅரா அத்தியாயங்களில் நாம் ஓதிவருகிறோம். நான்கு மத்ஹபுகளின் இமாம்களுக்கும் இதில் கருத்து வேறுபாடு இல்லை. மஹர், இத்தா, வம்சாவழி, மஹ்ரம், வாரிசுரிமை என்று ஃபிக்ஹ் நூல்களின் பாதிச் சட்டங்கள் இந்த ஓர் அடித்தளத்தின் மீதுதான் நிற்கின்றன. நாளை நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றினாலும் அது அரசின் பதிவாக இருக்குமே தவிர நம்மிடம் நிகாஹ் ஆகாது. நான் கேட்கப்பட்டால், திருமணம் என்ற பெயரை அதற்குக் கொடுக்க வேண்டாம் என்றே ஒரு குடிமகனாகவும் சொல்வேன். அவர்கள் ஒரே குடும்ப அட்டையில் அரிசி வாங்கலாம், வங்கியில் கூட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்று 2024இல் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. அதை எதிர்த்துக் கூச்சலிடும்படி மார்க்கம் எங்கும் கேட்கவில்லை. ஒருவர் உண்பதும், வாழ்வதும், இறந்தால் அடக்கப்படுவதும் நாம் தடுக்க வேண்டிய காரியங்கள் அல்ல.

சீட்டுக்கு இத்துடன் பதில் சொல்லியாகிவிட்டது. ஆனால் அதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சட்டம் கொடுக்கலாமா, கூடாதா என்பதில் நாம் எல்லோரும் ஒரே குரலில் பேசுவோம். அதில் நமக்குச் செலவு ஒன்றுமில்லை. நம் வீட்டுக்குள் இருக்கும் பிள்ளை விஷயத்தில், நம் ஜமாஅத்தின் முத்திரையோடு நாமே செய்துவரும் ஒரு தவறு இருக்கிறது. அதில் எனக்கும் பங்குண்டு.

ஒரு கையெழுத்து

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. ஊரையும் பெயரையும் சொல்லமாட்டேன். அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியும் சொல்கிறேன். யாரும் யூகிக்க முயல வேண்டாம். அதுவும் பாவம்.

ஒரு தந்தை தன் மகனின் நிகாஹுக்காக ஜமாஅத் கடிதம் கேட்டு வந்தார். மாப்பிள்ளையின் ஜமாஅத்திலிருந்து தடையில்லாக் கடிதம் வந்தால்தான் பெண்வீட்டு ஜமாஅத் நிகாஹ் தஃப்தரைத் திறக்கும் என்ற நம் பகுதி வழக்கம் உங்களுக்குத் தெரியும். நல்ல குடும்பம், தொழுகையாளிகள். மறுநாள் இஷாவுக்குப் பிறகு அந்த மகன் தனியாக வந்தார். நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். பிறகு, "ஹஜ்ரத், எனக்குப் பெண்கள் மீது நாட்டமே இல்லை. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். நான் எந்த ஹராமிலும் விழவில்லை. ஆனால் இந்த நிகாஹ் வேண்டாம். வாப்பாவிடம் நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது இன்று தெரிகிறது. அன்று நான் சொன்னது: "நிகாஹ் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் தம்பி. ஷைத்தானின் ஊசலாட்டம் இது. துஆ செய்யுங்கள், நானும் செய்கிறேன்." அடுத்த நாள் கடிதத்தில் கையெழுத்திட்டேன். நிகாஹுக்கும் சென்றேன். பிரியாணியும் சாப்பிட்டேன்.

பதினான்கு மாதங்கள் கழித்து ஒரு பெண்மணி தன் மகளை அழைத்துக்கொண்டு மதரஸா அறைக்கு வந்தார். அந்தப் பெண்ணுக்கு 22 வயது, பட்டம் படித்தவள். திருமணமான நாள் முதல் கணவர் கூடத்தில்தான் உறங்கினார். கடிந்து ஒரு சொல் பேசியதில்லை, அடித்ததில்லை, செலவுக்கும் குறை வைத்ததில்லை. நெருங்கியதும் இல்லை. ஏன் என்று கேட்டால் அழுவார். மாமியாரோ குழந்தை இல்லையே என்று மருத்துவமனை மருத்துவமனையாக இவளைத்தான் அழைத்துச் சென்றார். எல்லாப் பரிசோதனைகளும் இவளுக்கே. இவள் வாய் திறக்கவில்லை. கணவரின் அந்தரங்கத்தை வெளியில் சொல்லக் கூடாது என்று மதரஸாவில் நாம்தானே கற்றுக் கொடுத்தோம்?

அவள் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசை மீது வைத்தாள். அந்த ஜமாஅத் கடிதத்தின் நகல். "ஹஜ்ரத், இது உங்கள் கையெழுத்துதானே? உங்களுக்கு முன்பே தெரியுமா?" என்று கேட்டாள்.

பெருமக்களே, இத்தனை ஆண்டுகளில் எவ்வளவோ மஸ்அலாக்களுக்குக் கிதாபைத் திறந்து பதில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்விக்குத் தெரியும் என்றும் சொல்ல முடியவில்லை, தெரியாது என்றும் சொல்ல முடியவில்லை. அவள் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. என் முகத்திலேயே படித்துவிட்டாள்.

நாம் மறந்துவிட்ட பாதி ஹதீஸ்

பெற்றோர்கள் ஒரு ஹதீஸைச் சொல்வார்கள். இளைஞர்களே, மணமுடியுங்கள், அது பார்வையைத் தாழ்த்தும், கற்பைக் காக்கும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் ஏவினார்கள் அல்லவா என்பார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஆதாரப்பூர்வமான ஹதீஸ்தான். ஆனால் அதன் முதற்சொல்லே சக்தி உள்ளவர் என்ற நிபந்தனை. அதன் பின்பாதி, சக்தி இல்லாதவர் நோன்பு நோற்கட்டும் என்பது. சக்தியற்றவனையும் மணமுடித்து வையுங்கள், சரியாகிவிடும் என்று நபியவர்கள் சொல்லவில்லை. நோன்பைக் காட்டினார்கள்.

நிகாஹ் எல்லோருக்கும் ஒரே சட்டமல்ல என்பதை மதரஸாவில் முதல் சில ஆண்டுகளிலேயே ஓதுகிறோம். ஒருவருக்கு அது கடமையாகும், ஒருவருக்கு சுன்னத்தாகும். மனைவிக்கு அநீதி இழைத்துவிடுவோம் என்று அஞ்சுபவருக்கு அது வெறுக்கத்தக்கதாகும். அநீதி இழைப்பது உறுதி என்று தெரிந்தவருக்கு ஹராமாகும். இது நம் ஹனஃபி ஃபிக்ஹ் நூல்களில் நிகாஹ் பாடத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. நான் ஓதியிருக்கிறேன், ஓதிக் கொடுத்தும் இருக்கிறேன். ஓதிக் கொடுத்த நான்தான் அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டேன்.

மதீனாவின் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் அண்ணலார் (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். படி தானியத்தில் ஈரத்தை மறைப்பதற்கே இந்த எச்சரிக்கை என்றால், ஒரு பெண்ணின் ஆயுளுக்கு என்ன சொல்வது?

"அப்படியானால் பிள்ளையின் குறையை ஊருக்குச் சொல்ல வேண்டுமா? குறையை மறைப்பதும் சுன்னத்துதானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கும் வழி இருக்கிறது. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) என்ற ஸஹாபியப் பெண்மணியை முஆவியா, அபூ ஜஹ்ம் என்ற இருவர் பெண் கேட்டார்கள். அவர் நபியவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, ஒருவர் கையில் பொருளில்லாதவர், மற்றவர் மனைவியரிடம் கடுமையானவர் என்று உள்ளதைச் சொன்னார்கள், உஸாமா (ரலி) அவர்களை மணக்கும்படி ஆலோசனை தந்தார்கள். திருமண ஆலோசனையில் உண்மை சொல்வது புறம் ஆகாது என்று இமாம்கள் இதிலிருந்து சட்டம் எடுத்தார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அதில் ஒரு நுட்பமும் சொல்கிறார்கள். இந்தச் சம்பந்தம் உங்களுக்குப் பொருந்தாது என்று மட்டும் சொன்னால் போதுமென்றால், குறையை விவரிக்காமல் அத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். அன்று எனக்கு அது போதுமாயிருந்தது. அந்தத் தந்தையிடம், இந்தக் கடிதத்தை என்னால் தர இயலாது, பெண் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள் என்ற ஒரே வரி. மகனின் இரகசியமும் காக்கப்பட்டிருக்கும், அந்தப் பெண்ணின் வாழ்வும் காக்கப்பட்டிருக்கும். இரண்டையும் சேர்த்துக் காக்கும் வழி மார்க்கத்தில் இருந்தும் நான் அதை எடுக்கவில்லை.

மஹர் யாருக்கு?

பிரிவைப் பேச இரு ஜமாஅத்தாரும் அமர்ந்தோம். அங்கு நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நாளை உங்கள் மஹல்லாவிலும் இதே பேச்சு வரலாம்.

மாப்பிள்ளை வீட்டார், பெண் தானே குலஉ கேட்கட்டும் என்றார்கள். குலஉ என்றால் மஹரைத் திருப்பிக் கொடுத்து மனைவி விடுதலை பெறுவது. ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி, கணவரின் குணத்திலும் மார்க்கத்திலும் குறையில்லை, ஆனால் சேர்ந்து வாழ முடியவில்லை என்று முறையிட்டபோது, மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தரச் சொல்லிப் பிரித்து வைத்தார்கள் நபியவர்கள். அங்கே குறை கணவரிடம் இல்லை. இங்கே? பிரிவுக்குக் காரணம் கணவரின் பக்கம் இருக்கும்போது மனைவியிடமிருந்து எதையும் திரும்பப் பெறுவது கூடாது என்பதே நம் இமாம்களின் தீர்ப்பு. பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் திரும்ப எடுக்காதீர்கள் என்ற கருத்தில் அந்நிஸா அத்தியாயத்தின் 20ஆம் வசனம் பேசுகிறது.

இன்னொருவர், தாம்பத்தியமே நடக்கவில்லையே, பாதி மஹர் போதாதா என்றார். அல்பகரா அத்தியாயத்தின் 237ஆம் வசனத்தை அவர் நினைவில் வைத்திருந்தார். ஆனால் கணவனும் மனைவியும் தடையின்றித் தனித்திருந்துவிட்டால், ஹனஃபி மத்ஹபின்படி முழு மஹரும் கடமையாகும், இத்தாவும் கடமையாகும். பதினான்கு மாதங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தாள் அல்லவா? முழு மஹர், பெண்வீட்டார் போட்ட நகை முழுவதும், தலாக் கணவர் தரப்பிலிருந்து என்று முடிவாயிற்று. அந்த மகன் எதையும் மறுக்கவில்லை. "அவளிடம் மன்னிப்பு கேட்டதாகச் சொல்லுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

ஜமாஅத் முடித்துக் கொடுத்திருக்காவிட்டால் அவள் நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்தில், கணவன் தக்க காரணமின்றி மூன்றாண்டுகள் இல்லறக் கடமையை நிறைவேற்றாவிட்டால் மனைவி மணமுறிவு கோரலாம் என்று இருக்கிறது. மூன்று ஆண்டுகள்! அதன் பின் வழக்கு நடக்கும் ஆண்டுகள் வேறு. இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இருபத்தெட்டில்தான் விடுதலை கிடைத்திருக்கும்.

இதுவரை மகன்களைப் பற்றிச் சொன்னேன். மகள்களின் நிலை இதைவிடக் கடினம். மகனாவது கூடத்தில் படுத்துக்கொள்ளலாம். மகளுக்கு அதுவும் முடியாது. கேரளாவில் பள்ளிப் பருவம் முதல் நட்பாயிருந்த இரு முஸ்லிம் பெண்களைக் குடும்பத்தார் பிரித்து வைக்க, 2022 மே மாதம் ஆட்கொணர்வு மனுவில் கேரள உயர் நீதிமன்றம் அவர்களைத் தம் விருப்பப்படி செல்ல அனுமதித்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7 அன்று நம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள், இத்தகையோரைச் சிகிச்சை என்ற பெயரால் மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தார். இந்த விஷயத்தில் தமக்கு முழுப் புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு, தாமே ஓர் உளவியல் வல்லுநரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே தீர்ப்பு எழுதினார். எனக்குத் தெரியாது என்று சொல்வது பாதிக் கல்வி என்று நம் உஸ்தாதுகள் சொல்வார்கள். அந்த நீதிபதியிடம் அதைக் கண்டேன். 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தில் வந்த இன்னொரு வழக்கில், 25 வயதுப் பெண் ஒருத்தியை வீட்டார் அடைத்து வைத்து அடித்ததும், மாற்றுவதற்கென்று சடங்குகள் செய்ததும் பதிவாகியிருக்கின்றன. அவளை விடுவித்த நீதிபதிகள், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும் எழுதினார்கள். அந்தக் கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அடைத்து வைத்ததையும் அடித்ததையும் எந்த ஆலிமாவது சரி என்று சொல்வாரா?

கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களைத் தந்தை அவருடைய விருப்பத்துக்கு மாறாக மணமுடித்து வைத்தார். அந்த நிகாஹை நபியவர்கள் செல்லாததாக்கினார்கள். அவர் முன்பே மணமானவர், கன்னிப் பெண்ணுக்கு அது பொருந்தாது என்று சிலர் வாதிடுவார்கள். கன்னிப் பெண் ஒருத்தி அதே முறையீட்டுடன் வந்தபோதும், முடிவெடுக்கும் உரிமையை அவளிடமே நபியவர்கள் கொடுத்ததை அபூதாவூத் பதிவு செய்திருக்கிறார்கள். மகள் எதற்காக வேண்டாம் என்கிறாள் என்ற விசாரணை அந்த அறிவிப்புகளில் இல்லை. வேண்டாம் என்கிறாள், அவ்வளவுதான். தாயத்துக் கட்டுவதும், ஜின் ஓட்டுகிறேன் என்பவரிடம் அழைத்துச் சென்று பிரம்படி வாங்கித் தருவதும் நம் பகுதியில் இன்றும் நடக்கிறது. ஆயிரக்கணக்கில் பணம் கறப்பவர்கள் அவர்கள். இது நோயல்ல என்று மருத்துவர்களே சொல்லிவிட்டார்கள். மாற்றுகிறேன் என்று சிகிச்சை செய்யும் மருத்துவரைத் தொழில் ஒழுக்கம் தவறியவராகக் கருத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. நாம் இதைச் சோதனை என்கிறோம். நோயென்றாலும் சோதனையென்றாலும், அதற்கு மருந்தாக இன்னொரு வீட்டுப் பிள்ளையை அரைத்துக் கொடுக்க நமக்கு உரிமையில்லை.

அந்தப் பிள்ளையை என்ன செய்வது?

இதுதான் பெற்றோரின் உண்மையான கேள்வி. வெறும் நாட்டத்துக்கு அல்லாஹ் தண்டிப்பதில்லை. உள்ளத்தில் தோன்றுவதைச் சொல்லாகவோ செயலாகவோ ஆக்காதவரை இந்த உம்மத்துக்கு மன்னிக்கப்பட்டிருக்கிறது என்ற ஹதீஸ் இரு ஸஹீஹ்களிலும் உள்ளது. செயல் பாவம். நாட்டத்தைச் சுமந்துகொண்டு அல்லாஹ்வுக்காகத் தன்னைக் காத்துக்கொள்பவர் பொறுமையாளர். நம்மில் பலருக்கு வாய்க்காத பொறுமை அது. அப்படிப்பட்டவர் இந்த ஸஃப்பிலேயே உங்கள் தோளோடு தோள் உரசி நின்று தொழக்கூடும்.

விபச்சாரத்துக்கு அனுமதி கேட்டு ஓர் இளைஞர் நபியவர்களிடம் வந்தார். சபையினர் அதட்டினார்கள். நபியவர்களோ அவரை அருகில் அழைத்து அமர்த்தி, உன் தாய்க்கு, மகளுக்கு, சகோதரிக்கு இதை விரும்புவாயா என்று பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு அவருடைய நெஞ்சின் மீது கை வைத்து துஆ செய்தார்கள். அபூ உமாமா (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது. அந்த நெஞ்சில் வைத்த கையை நாம் எங்கே வைக்கிறோம்? கன்னத்தில். மாஇஸ் (ரலி) அவர்களைக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி அனுப்பி வைத்த ஹஸ்ஸால் (ரலி) அவர்களிடம், உமது ஆடையால் அவரை மறைத்திருந்தால் உமக்கு நன்றாயிருந்திருக்கும் என்றும் அண்ணலார் கூறினார்கள். மகன் தன்னிடம் சொன்னதை மாமாவிடமும் சித்தப்பாவிடமும் பரப்பும் தந்தை, அமானத்தை முறித்தவராகிறார். நடையையும் குரலையும் வைத்து ஒருவரை இப்படித்தான் என்று பட்டம் சூட்டுவோர் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11, 12 ஆம் வசனங்களைத் தர்ஜுமாவுடன் இன்றே எடுத்துப் படியுங்கள்.

அப்புறம், முப்பது வயதாகியும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று வலீமா விருந்துகளில் துளைத்தெடுக்கும் பெரியவர்களே! ரியாளுஸ் ஸாலிஹீன் தந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மணமுடிக்காமலேயே இறையடி சேர்ந்தார்கள். அவர்களுடைய காரணம் கல்வி. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தை அறியும் உரிமை நமக்கு இல்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். இந்தக் கேள்விகளுக்குப் பயந்துதான் பாதிப் பெற்றோர்கள் பெண் பார்க்கவே கிளம்புகிறார்கள்.

அந்த மகன் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறார். தந்தை மூன்று ஆண்டுகள் பேசவில்லை. தாயின் கணக்குக்கு மாதந்தோறும் பணம் வந்துகொண்டுதான் இருந்தது. கடந்த ரமளானில் ஒரு நாள் தராவீஹுக்குப் பிறகு தந்தை என்னிடம் வந்து, அவனுடைய புதிய எண் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்கு மறுமணம் நடந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். அந்த நிகாஹுக்கு என்னை அழைக்கவில்லை. அழைக்காதது சரிதான்.

நிர்வாகிகளுடன் பேசி ஒரு முடிவு செய்திருக்கிறோம். வரும் மாதத்திலிருந்து ஜமாஅத் கடிதம் வேண்டுவோர், நிகாஹுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். மணமகனிடம் பெற்றோர் இல்லாமல் நான் தனியாகப் பேசுவேன். நம் மஹல்லாப் பெண்ணாக இருந்தால் மக்தபின் உஸ்தாதுமார் அவளிடம் தனியாகப் பேசுவார்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், காரணம் கேட்கப்படாது, எழுதப்படாது, பெற்றோரிடமும் சொல்லப்படாது. ஜமாஅத் கடிதம் தரப்படமாட்டாது என்ற பதில் மட்டும் என் பெயரால் போகும். கோபம் வந்தால் என் மீது கோபப்படுங்கள், பிள்ளை மீது வேண்டாம். தஃப்தரைக் கையெழுத்துக்காக நீட்டும்போது மணமேடையில் கேட்கும் சம்மதம் போதாதா என்று சிலர் கேட்டார்கள். ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு வெந்துகொண்டிருக்கும்போது எந்தப் பிள்ளை இல்லை என்று சொல்லும்?

சீட்டு எழுதிய தம்பி இன்றும் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். சட்டத்தைப் பற்றித்தான் அவர் கேட்டாரா, தம்மைப் பற்றிக் கேட்டாரா, வேறொருவருக்காகக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டியதில்லை. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் நான் மதரஸா அறையில்தான் இருப்பேன். ஆவடியிலிருந்து ஷிஃப்டு முடித்துத் தாமதமாக வருபவர்களுக்கு இஷாவுக்குப் பிறகும் கதவு திறந்திருக்கும்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.